காய்கறித் தோட்டத்துக்கு எதற்கு 12 அடி மதில்?

"இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்க்கப் போனேன். மாளிகையிலிருந்து நன்றாகத் தள்ளி, இரண்டு ஆள் உயரச் செங்கல் மதிலுக்குள் ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. கோட்டை மாதிரி இருக்கிறது. முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் எதற்கு இந்த மதில்? அதைப் போய் ஏன் மரபுச் சின்னம் என்று பாதுகாக்கிறார்கள்? போய்ப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முயல், மான், திருடன் எல்லாரையும் அந்த மதில் தடுக்கும்தான். ஆனால் அதற்கு ஆறடி போதும். 10, 12 அடிக்கு மேல் உயர்த்திக் கட்டியதற்குக் காரணம் வேறு. அந்தத் தோட்டத்துக்கு மதில்தான் அடுப்பு. பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற அடுப்பு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு மதில் தோட்டத்துக்குப் போய்த் தன்னார்வலராக வேலை செய்கிறேன். முதல் வருடம், ஏப்ரல் மாதம், பொழுது சாய்ந்துவிட்டது. மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். கிளம்பும் நேரத்தில், அங்கே பல வருடம் வேலை பார்த்த பெரியவர் என் கையுறையைக் கழற்றச் சொல்லி, தெற்கு பார்த்த மதிலில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். அணைத்து அரை மணி நேரமான மண் அடுப்பைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சூடு. அதே மதிலின் மறுபக்கம் போய்த் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. ஒரே மதில், முன்னும் பின்னும் இரண்டு ஊர்.

அந்தச் சூடு எதற்கு என்றால், பீச், நெக்டரின், ஏப்ரிகாட், அத்தி, திராட்சை போன்ற பழங்களுக்கு. இவை எல்லாம் வெயில் நாட்டுச் செடிகள். இங்கிலாந்தில் பீச் மரம் மார்ச்சிலேயே பூத்துவிடும். அப்போது ராத்திரி உறைபனி விழும். ஒரே இரவில் பூ கருகிவிட்டால் அந்த வருடம் பழமே கிடையாது. மதிலை ஒட்டி நிற்கிற மரத்துக்கு மட்டும் நாலைந்து டிகிரி கூடுதலாகக் கிடைக்கும், காற்றும் அடிக்காது. அந்த நாலைந்து டிகிரிதான் காய்ப்பதற்கும் காய்க்காததற்கும் உள்ள வித்தியாசம். அந்தக் குளிரில் தேனீயும் அவ்வளவாக வெளியே வராது என்பதால், மூங்கில் குச்சியின் நுனியில் முயல் வாலைக் கட்டிப் பூப்பூவாகத் தடவி மகரந்தம் சேர்ப்பார்கள். நாங்கள் இப்போது மெல்லிய தூரிகையால் செய்கிறோம்.

அதனால்தான் மதில் தோட்டத்தில் திசை என்பது நம் வீட்டு வாஸ்து அளவுக்கு முக்கியம். பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்ட செவ்வகமாகக் கட்டுவார்கள். அப்போதுதான் தெற்கு வெயில் வாங்குகிற மதில் நீளமாகக் கிடைக்கும். அந்த முகம் பீச்சுக்கும் ஏப்ரிகாட்டுக்கும். மேற்கு பார்த்த முகம் பிளம், பேரிக்கு. வெயிலே படாத வடக்கு முகத்தையும் வீணாக்கவில்லை. அங்கே மொரெல்லோ என்கிற புளிப்புச் செர்ரி. அந்த நிழலில் பழம் தாமதமாகப் பழுக்கும், அந்தத் தாமதமும் வேண்டியதுதான். மற்ற மதிலில் பழம் முடிகிற நேரத்தில் மாளிகைச் சமையலறைக்கு இங்கிருந்து போகும். மதிலுக்கு வெளியேயும் ஒரு பட்டை நிலம் விட்டு, அதற்கு ஒரு வேலி போட்டு, வெளிமுகத்திலும் மரம் ஏற்றியிருப்பார்கள்.

கல் கிடைக்கிற ஊர்களில்கூட, வெளிப்பக்கம் கல்லும் உள்பக்கம் செங்கல்லுமாகக் கட்டிய மதில்களைப் பார்க்கலாம். செங்கல் சூட்டை நன்றாக வாங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆணி. இதை நீங்கள் அவசியம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய மதிலில் முகத்தை ஒட்டிப் பார்த்தால், செங்கல் இடுக்குகளில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரியும். சிலவற்றில் துருப்பிடித்த ஆணி இன்னும் இருக்கும். மரத்தை மதிலோடு தட்டையாக, விசிறி மாதிரி விரித்து வளர்ப்பதற்காக ஒவ்வொரு கிளையையும் துணிக் கிழிசலால் சுற்றி, அந்தத் துணியை ஆணி வைத்து அறைந்தார்கள். குளிர்காலத்தில் கத்தரித்து முடித்ததும் பழைய ஆணியைப் பிடுங்கி, நேராக்கி, திரும்ப அறைய வேண்டும். கல்லில் இது நடக்காது. செங்கல்லில் மூன்று அங்குலத்துக்கு ஒரு சாந்து வரி கிடைக்கும், கிளை எங்கே போனாலும் ஆணிக்கு இடம் உண்டு. பிற்காலத்தில் கம்பி கட்டும் பழக்கம் வந்தது, ஆணி ஓய்ந்தது. எனக்கு அந்த மதிலில் பிடித்த இடமே அந்த ஓட்டைகள்தான். விரல் விறைக்கிற ஜனவரியில் யாரோ ஒரு பையன் அந்த ஒவ்வொரு ஆணியையும் அறைந்திருக்கிறான்.

சரி, வெயில் போதவில்லை என்றால்? மதிலுக்குள்ளேயே தீ மூட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இப்படிச் சூட்டு மதில்கள் பல எழுந்தன. மதிலை உள்ளே பொள்ளலாகக் கட்டி, பின்பக்கம் அடியில் உலை வைத்து, புகை நேராக மேலே போகாமல் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்து ஏறுகிற மாதிரி வழி விடுவார்கள். புகை போகிற வழியெல்லாம் செங்கல் சூடேறும். பூக்கிற காலத்தில் உறைபனி வரும் என்று தெரிந்தால் ராத்திரி தீ எரியும். வூஸ்டர்ஷயரில் க்ரூம் கோர்ட் மாளிகையின் 7 ஏக்கர் மதில் தோட்டத்தில், 1806 வாக்கில் கட்டிய 13 அடிச் சூட்டு மதில் ஒன்று தோட்டத்துக்குள் தனியாக நிற்கிறது. அதற்கு ஐந்து உலைகள். இந்த முறையில் கஷ்டமும் இருந்தது. உலைக்குப் பக்கத்தில் கிளை வெந்துவிடும், கடைசி முனைக்குச் சூடே போய்ச் சேராது, புகைவழியில் கரி அடைத்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் கொதிகலனும் வெந்நீர்க் குழாயும் வந்ததும் இதைக் கைவிட்டார்கள்.

சஃபோக் பக்கம் போனால் இன்னொரு வகையைப் பார்க்கலாம். பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகிற மதில். நேர்மதில் ஒற்றைச் செங்கல் கனத்தில் நிற்காது, விழுந்துவிடும். வளைத்துக் கட்டினால் அந்த வளைவே முட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு வளைவின் குழிவிலும் காற்று படாத ஒரு மூலை, அதில் ஒரு பழமரம். கொத்தனாரும் தோட்டக்காரரும் சேர்ந்து யோசித்தால்தான் இப்படி ஒன்று பிறக்கும்.

இந்த மதில்களின் உச்சக்கட்ட ஆசை அன்னாசி. நாம் 'அன்னாசி' என்று சொல்வதே போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த சொல், தென்னமெரிக்கப் பழம். நம் மலைச்சரிவில் தானாக விளைகிற அந்தப் பழத்துக்காகக் குளிர் நாட்டில் பட்ட பாடு கொஞ்சமில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில், மேத்யூ டெக்கர் என்ற வணிகரின் தோட்டத்தில் அன்னாசி காய்த்தது. அந்தப் பழத்தை மட்டும் தனியாக ஓவியம் வரைய வைத்தார் அவர். ஒரு பழத்துக்கு உருவப்படம்! அப்புறம் ஒவ்வொரு பிரபு வீட்டுக்கும் அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் அருகே டன்மோர் பார்க் என்ற இடம். அங்கே மதில் தோட்டத்தின் வடக்கு மதில் நடுவில், நாலாவது டன்மோர் பிரபு ஜான் மரே கட்டிய ஒரு கோடை மண்டபம் நிற்கிறது. 1761 என்று வாசலில் பொறித்திருக்கிறது. அதன் கூரைதான் ஆச்சரியம், முழுக்கக் கல்லில் செதுக்கிய பிரம்மாண்டமான அன்னாசிப்பழம். மொத்தம் சுமார் 14 மீட்டர் உயரம். வேடிக்கைக்குக் கட்டியது என்று கடந்து போய்விடாதீர்கள். ஒவ்வொரு கல் இலையிலும் மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடுகிற மாதிரி சாய்வு கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் குளிரில் உறைந்து, விரிந்து, கல்லைப் பிளந்துவிடும். இருநூற்றைம்பது வருடமாகக் குளிரைத் தாங்கி நிற்பதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். மண்டபத்தின் இருபக்க மதிலும் பொள்ளல், உலை வைத்துச் சூடேற்றியவை. புகைபோக்கிகள் அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று கல் ஜாடி வடிவத்தில் மறைத்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தை வடிவமைத்த சிற்பியின் பெயர் எந்த ஆவணத்திலும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மனக்குறை.

கண்ணாடி வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கு பார்த்த மதிலில் சாய்ப்பு இறக்கின மாதிரி நிற்கும் நீள நீளமான கண்ணாடிக் கொட்டகைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. அதற்கு முன்னால் கண்ணாடிக்கு எடை கணக்கில் வரி இருந்தது. ஏறத்தாழ நூறு வருடம் இருந்த வரி, 1845-ல்தான் நீங்கியது. செங்கல்லுக்கும் 1784 முதல் 1850 வரை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரி. இரண்டும் போனபின் ஆளாளுக்குக் கட்டித் தள்ளினார்கள். பழைய கண்ணாடிகளைக் கவனித்தால், கீழ் விளிம்பு நேராக இல்லாமல் நடுவில் வளைவாக இறங்கியிருக்கும். மழைத்தண்ணீர் ஓரத்து மரச்சட்டத்துக்குப் போய் அதை மக்கவைக்காமல், நடுவில் கூடி வழிய வேண்டும் என்பதற்காக.

அந்தக் கண்ணாடி வீட்டின் முதுகுப்பக்கம், மதிலின் குளிர்ந்த வடக்கு முகத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கொதிகலன் அறை, தொட்டி மாற்றுகிற கொட்டகை, காளான் வளர்க்கிற இருட்டறை, ஆப்பிள் சேமிக்கிற அறை, கல்யாணமாகாத இளம் தோட்டக்காரர்கள் படுக்கிற அறை. மண்தொட்டி கழுவுவதில் தொடங்கும் பையன், பல தோட்டங்களில் வேலை பார்த்துப் படிப்படியாக ஏறி, அதிர்ஷ்டம் இருந்தால் நாற்பது வயதில் தலைமைத் தோட்டக்காரர் ஆவான். பனிக்கால ராத்திரியில் எழுந்து கொதிகலனுக்குக் கரி போடுவது அந்தப் பையன்களின் முறை. தீ அணைந்தால் காலையில் வேலை போகும்.

மாளிகையை விட்டு ஏன் இவ்வளவு தள்ளி என்றால், அது 18-ஆம் நூற்றாண்டின் ரசனை. கேப்பபிலிட்டி பிரவுன் போன்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர்கள் மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியும் ஏரியும் மரக்கூட்டமும் மட்டும் தெரிய வேண்டும் என்று அமைத்தார்கள். எருவும் முட்டைக்கோசும் கண்ணில் படக்கூடாது. தோட்டத்தைக் குதிரை லாயத்துக்குப் பக்கமாக நகர்த்தினார்கள், எருவுக்கான குதிரை லத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடைக்கும். இடத் தேர்விலும் அறிவு உண்டு. லேசாகத் தெற்கே சாய்கிற நிலமாகப் பார்ப்பார்கள். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். அது அடிமதிலில் முட்டித் தேங்கினால் அங்கே உள்ள செடி எல்லாம் கருகும். அதனால் தாழ்ந்த பக்கத்தில் கம்பிக் கதவு வைத்து அதற்கு வடிகால் விடுவார்கள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை, பாதைகள் கூடுகிற இடத்தில் வாளி அமிழ்த்தித் தண்ணீர் மொள்ள ஒரு தொட்டி.

இந்த அறிவு நம் ஊருக்கும் வந்தது. ஊட்டி தாவரவியல் பூங்கா தொடங்கியதே, அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விளைவிக்கப் போட்ட தோட்டமாகத்தான். 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் அதைப் பூங்காவாக்கினார். கேரட், பீட்ரூட், முட்டைக்கோசை இன்றும் நம் சந்தையில் 'இங்கிலீஷ் காய்' என்கிறோமே, அது அந்தக் காலத்தின் மிச்சம்.

நம் ஊரிலிருந்து இங்கே வந்ததும் உண்டு. கார்ன்வாலில் போகோனாக் என்ற பெரிய பண்ணை மாளிகை இருக்கிறது. அதை வாங்கியவர் 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட். மெட்ராஸில் இருந்தபோது வாங்கிய பெரிய வைரத்தை 1717-ல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்தப் பணத்தில் வந்தது போகோனாக். வேறு பல மாளிகைகள் கரீபியக் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் ரத்தத்தில் எழுந்தவை. மதிலின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

முதல் உலகப் போருக்குப் பின் எல்லாம் சரிந்தது. இளைஞர்கள் போருக்குப் போனார்கள், திரும்பியவர்கள் அந்தக் கூலிக்கு வர மறுத்தார்கள். வாரிசு வரி ஏறியது. குளிர்பதனக் கப்பலில் மலிவாகப் பழம் வந்து இறங்கியது. மதிலுக்குள் டென்னிஸ் ஆடினார்கள், கார் நிறுத்தினார்கள், கிறிஸ்துமஸ் மரம் வளர்த்தார்கள், சில இடங்களில் வீடே கட்டிவிட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் கிளம்பர் பார்க் என்ற இடத்தில் தலைகீழாக நடந்தது. நியூகாசில் டியூக்குகளின் மாளிகையை 1938-ல் இடித்துவிட்டார்கள். 4 ஏக்கர் மதில் தோட்டம் மட்டும் தப்பியது. இன்று அங்கே போனால் மாளிகை நின்ற இடத்தில் புல். தோட்டத்தில் 450 அடி நீளக் கண்ணாடி வீடும் காம்பைச் சமைத்துச் சாப்பிடுகிற ருபார்ப் என்ற புளிப்புச் செடியில் 130-க்கு மேற்பட்ட வகைகளும். எஜமான் வீடு போய், சமையலறைக்குக் காய் கொடுத்த இடம் நிற்கிறது.

மரபுச் சின்னம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்துச் சட்டப்படி, மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய மதிலுக்கும் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. ஆனால் சட்டம் காப்பது செங்கல்லைத்தான். தோட்டம் செய்கிற முறையை எந்தச் சட்டமும் காக்காது, கைகள்தான் காக்க வேண்டும்.

செங்கல்லைக் காப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மதில்கள் எல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. மதில் மழையைக் குடிக்கும், சாந்து வழியாக ஆவியாக்கி வெளியே விடும். நல்லெண்ணத்தோடு யாராவது சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் நிற்கும். குளிரில் அது உறைந்ததும் செங்கல்லின் முகம் அப்படியே பொடிந்து உதிரும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பத்தடி நீளம் இருக்கிறது. பூசியது எப்போதோ, யாரோ. சிமென்ட் வரி மட்டும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது, செங்கல் உள்ளே போய்விட்டது. பழைய வீட்டில் சிமென்ட் வைக்காதே என்று நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

எதைப் பார்க்கலாம் என்றால், டன்மோர் அன்னாசி மண்டபத்தில் வாடகைக்குத் தங்கவே செய்யலாம். கிளம்பருக்குக் கோடையில் போங்கள். ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், கார்ன்வாலில் மெவகிஸி அருகே இருக்கிற ஹெலிகன்.

ஹெலிகன் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ட்ரெமெய்ன் குடும்பத்தின் சொத்து. முதல் உலகப் போருக்கு முன் அங்கே 22 தோட்டக்காரர்கள். போருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. குடும்பமும் பிறகு வெளியேறியது, மாளிகை அடுக்குமாடி வீடுகளாக விற்றுப்போனது, தோட்டத்தைப் புதர் மூடியது. 1990-களின் தொடக்கத்தில் டிம் ஸ்மிட் என்பவரும் நண்பர்களும் முட்புதரை வெட்டிக்கொண்டு உள்ளே போனபோது, இடிந்த கண்ணாடி வீட்டுக்குள் திராட்சைக் கொடி தானாகப் படர்ந்து கிடந்தது. 1992-ல் தோட்டம் மக்களுக்குத் திறந்தது.

அங்கே அன்னாசிக் குழி ஒன்று கிடைத்தது. மூன்று வரிசைக் குழிகள். நடுக்குழியில் செடி, இரண்டு ஓரக் குழிகளில் புதுக் குதிரை லத்தி. லத்தி புளித்து எழும்பும் சூடு, இடைச் சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியாகச் செடிக்குப் போகும். அதைப் பழுதுபார்த்து, திரும்ப லத்தி நிரப்பி, வருடக்கணக்காகக் காத்திருந்து பழம் எடுத்தார்கள். முதல் பழத்தைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவதை 1997-ல் எலிசபெத் ராணியின் 50-ஆவது திருமண நாளுக்கு அனுப்பினார்கள்.

அன்னாசிக் குழி இருக்கிற அதே முற்றத்தின் ஓரத்தில் தோட்டக்காரர்களின் பழைய கழிப்பறை இருக்கிறது. சின்ன அறை, தேடிப் போனால்தான் தெரியும். 'தூங்கவோ அயரவோ இங்கே வராதே' என்று சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் ஒரு வரி எழுதி, அதன் கீழே அங்கே வேலை பார்த்தவர்கள் ஆளாளுக்குத் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். தேதி, ஆகஸ்ட் 1914. எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் படிக்க முடியும். மற்ற மதில்களை எல்லாம் தொட்டுப் பாருங்கள். இந்தச் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.